புதுச்சேரி டு பெங்களூரு 266 கி.மீ-தான்... ஆனா எந்தக் கணக்குல?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருக்கீங்களா? முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் டப்பா, காதில் இயர்போன் என ஒரு பெரிய கூட்டம் பெங்களூரு பஸ்ஸுக்காக நிற்கும். திங்கள் காலை விடிவதற்குள் ஓசூர் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மடிவாளாவிலோ அரைத் தூக்கத்தில் இறங்கி, குளித்துவிட்டு ஆபீஸ் போக வேண்டிய கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு நண்பன்தான் போனைக் காட்டி இதைக் கேட்டான். "மச்சி, ஏர் டிஸ்டன்ஸ்னு போட்டா ஒரு சைட்டுல 266-னு காட்டுது, இன்னொண்ணுல 270-னு காட்டுது. மேப்ல 310-க்கு மேல வருது. எதுடா நிஜம்?"

சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் விமான தூரம் என்ற அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் 2025 டிசம்பரில் இந்தியா முழுக்க டிக்கெட்டுக்கு உச்சவரம்பே போட்டார்கள். அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை நம்பி என்ன முடிவெல்லாம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எல்லா எண்ணும் நிஜம்தான்!

பூமி ஒரு உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் எவ்வளவு நீளம் வரும்? அதுதான் விமான தூரம். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும், ப்ளஸ் டூ முக்கோணவியலை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்கு நான் போட்டுப் பார்த்ததில் சுமார் 266 கி.மீ வந்தது. பீச் ரோடு காந்தி சிலையிலிருந்து பெங்களூரு விதான சௌதாவுக்குப் போட்டால் சுமார் 270. ஒரு சைட் ஏர்போர்ட்டை எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று நகரத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ரோடு மட்டும் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு போவதால் 310-ஐத் தொடுகிறது.

இதே கணக்கில் ஹைதராபாத் சுமார் 600 கி.மீ. சென்னை விமான நிலையம் வெறும் 120.

ஆனால் எந்த விமானமும் அந்த நூல் மேலேயே பறப்பதில்லை. ரன்வே எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஏற வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். இறங்கும் இடத்தில் டிராஃபிக் இருந்தால் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டும். தூரம் குறையக் குறைய இந்தச் சுற்றல் பெரிதாகத் தெரியும். புதுச்சேரியில் இண்டிகோ சேவை தொடங்கிய சமயத்தில் பெங்களூரு விமானத்துக்கு அட்டவணையில் சுமார் ஒன்றேகால் மணி நேரம், ஹைதராபாத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வகுத்துப் பாருங்கள். பெங்களூருக்கு மணிக்கு 213 கி.மீ வேகம், ஹைதராபாத்துக்கு 340-க்கு மேல். இரண்டும் ஒரே ஏ.டி.ஆர் ரக விமானம், வானத்தில் மணிக்கு 500 கி.மீ வரை போகக்கூடியது. அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய் இன்னொரு இடத்தில் நிற்கும் வரைக்கும். ரன்வேக்கு உருண்டு போகும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம். ஆக, குட்டி தூரத்துக்கு விமானம் உண்மையிலேயே ஸ்லோ!

தேவனஹள்ளியா, எலெக்ட்ரானிக் சிட்டியா?

இப்போது நண்பனின் பிரச்னைக்கு வருவோம். அவன் ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில். பாண்டியிலிருந்து போகும் பஸ் ஓசூர் வழியாக நுழைவதால், பெங்களூரில் அவனுக்கு முதலில் வருவதே எலெக்ட்ரானிக் சிட்டிதான். விமான நிலையமோ நகரத்தின் வடக்கு முனையைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து அவன் ரூமுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெங்களூரு டிராஃபிக்கில்.

கூட்டிப் பார்த்தோம். வீட்டிலிருந்து கிளம்பி, செக்-இன், செக்யூரிட்டிக்கு ஒன்றரை மணி நேரம். விமானம் ஒன்றேகால். இறங்கி வெளியே வர அரை மணி. அப்புறம் டாக்ஸியிலோ ஏர்போர்ட் பஸ்ஸிலோ ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம்! பஸ்ஸில் போனால் ஆறரை, ஏழு. ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் பஸ் டிக்கெட்டையே புக் பண்ணினான், நானும் மறுத்துப் பேசவில்லை.

இதே ஹெப்பாலிலோ யலஹங்காவிலோ வேலை என்றால் கதையே வேறு. வயதான அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், முதுகுவலியோடு ஏழு மணி நேரம் உட்கார முடியாது என்றாலும் வேறு. ஹைதராபாத் என்றால் பேச்சே இல்லை, விமானம்தான் ஜெயிக்கும். 266 என்ற எண் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பது வீட்டு வாசலைப் பொறுத்தது.

ஏன் ஏர்லைன்ஸ் வருவதும் போவதுமாகவே இருக்கு?

புதுச்சேரிக்காரர்களிடம் "ஃப்ளைட் இருக்கா?" என்று கேட்டால், "இப்போ இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறக்க ஆரம்பித்தது, அடுத்த வருடமே நின்றது. 2015-ல் ஏர் இந்தியாவின் அலையன்ஸ் ஏர் வந்தது, சில மாதங்களில் போய்விட்டது. 2017 ஆகஸ்ட்டில் உதான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட்டின் ஹைதராபாத் விமானம், 2018-ல் பெங்களூரும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஷட்டர் போட்டது. 2022 மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 2024-ல் மறுபடி நின்றது. 2024 டிசம்பர் 20-ம் தேதி இண்டிகோ, பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏ.டி.ஆர் விமானத்தோடு வந்தது.

பதினொரு வருடத்தில் இத்தனை ரிப்பன் வெட்டு விழா வேறு எந்தச் சின்ன ஊருக்காவது நடந்திருக்குமா தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வாட்டர் சல்யூட், ஃபோட்டோ, கேக். நிறுத்தப்படும் நாளுக்குத்தான் விழா கிடையாது!

ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது? முதல் காரணம் ரன்வே. லாஸ்பேட்டை ரன்வே சுமார் 1,500 மீட்டர். சென்னையின் பெரிய ரன்வே 3,600 மீட்டருக்கு மேல். 180 பேர் உட்காரும் ஏர்பஸ், போயிங் ரகங்களுக்கு 1,500 போதாது. ஆகவே புரொப்பல்லர் வைத்த, 70-80 சீட் விமானம்தான் வர முடியும். சீட் குறைவு, ஆனால் பைலட், இன்ஜினீயர், தரையில் வேலை பார்ப்பவர்கள், பார்க்கிங், இறங்கும் கட்டணம் என்ற செலவுகள் சீட் குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. டேக்-ஆஃபில்தான் எரிபொருள் அதிகம் குடிக்கும் என்பதால், தூரம் குறைந்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஏறும்.

ரன்வேயை நீட்டலாமே? பல வருடமாகப் பேசப்படுவதுதான். ஆனால் புதுச்சேரியின் எல்லை வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் உள்ள சிக்கல் உடனே புரியும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை, கிழித்த துணி மாதிரி இருக்கும். ஒரு தெரு பாண்டி, அடுத்த தெரு விழுப்புரம் மாவட்டம். விமான நிலையத்தை விரிவாக்கத் தேவையான நிலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமும் வருகிறது. இரண்டு அரசுகள், மத்திய அமைச்சகம், நடுவே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். நிலம் கொடுப்பவருக்கு நியாயமான விலை கிடைக்காமல் அவசரமாக நீட்டச் சொல்வதும் சரியில்லை. ஆகவே இது மெதுவாகத்தான் நகரும்.

இரண்டாவது காரணம், அந்த 120 கி.மீ. சென்னை விமான நிலையம் ரோட்டில் சுமார் 150 கி.மீ, மூன்று மணி நேரம். அங்கே போனால் டெல்லி, மும்பை, கொல்கத்தா, துபாய், சிங்கப்பூர் எல்லாம் நேரடியாக, பல கம்பெனிகளில், பல நேரங்களில். புதுச்சேரி விமான நிலையத்துக்கு உண்மையான போட்டி இன்னொரு ஏர்லைன்ஸ் இல்லை, ஈ.சி.ஆரும் திண்டிவனம் பைபாஸும்தான்.

உதான் திட்டம் இதற்காகத்தான் 2016-ல் அறிவிக்கப்பட்டது. சுமார் ஒரு மணி நேரம், அதாவது 500 கி.மீ அளவு பயணத்துக்கு 2,500 ரூபாய் என விமானத்தின் பாதி சீட்டுகளுக்கு விலை கட்டி, அதனால் வரும் நஷ்டத்துக்கு அரசு மூன்று வருடம் மானியம் தரும். மூன்று வருடத்தில் ரூட் தானாக நிற்கப் பழகிவிடும் என்பது நம்பிக்கை. பல சின்ன ஊர்களில் மானியம் முடிந்ததும் விமானமும் முடிந்தது. புதுச்சேரியில் அந்த மூன்று வருடத்தின் கடைசியில் கொரோனா வந்து உட்கார்ந்தது. அந்தச் சோதனை இங்கே முழுதாக நடக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

500 கி.மீ என்ற கோடு

2025 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கும். பைலட்டுகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது, இரவு நேர லேண்டிங் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. நவம்பரில் முழுதாக அமலுக்கு வந்த அந்த விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ ஆள் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. மிச்சம் பறந்த விமானங்களின் டிக்கெட் விலை ராக்கெட்டில் ஏறியது. மறுநாள் விமானப் போக்குவரத்து அமைச்சகம் உச்சவரம்பு போட்டது. 500 கி.மீ வரை 7,500 ரூபாய், 500-லிருந்து 1,000 வரை 12,000, 1,000-லிருந்து 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் தனி. பிசினஸ் கிளாஸுக்கும் உதான் விமானங்களுக்கும் இது பொருந்தாது என்றும் சொன்னார்கள்.

புதுச்சேரி தூரங்களை இந்தப் படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். பெங்களூரு அளவு தூரம், அதாவது 266, முதல் படி. உச்சவரம்பு 7,500, கிலோமீட்டருக்கு 28 ரூபாய். ஹைதராபாத் அளவு 600 இரண்டாவது படி. 12,000, கிலோமீட்டருக்கு 20 ரூபாய். சென்னை - டெல்லி சுமார் 1,760 கி.மீ. 18,000-ஐ வகுத்தால் 10 ரூபாய்தான். அவசரத்துக்குப் போட்ட கட்டுப்பாட்டில்கூட, சின்னத் தூரத்துக்காரர் கிலோமீட்டருக்கு மூன்று மடங்கு கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மேலே சொன்ன டேக்-ஆஃப் செலவை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பகுதி நியாயம்தான். எனக்கு இடிப்பது படிக்கட்டின் விளிம்பு. 499 கி.மீ ரூட்டுக்கும் 501 கி.மீ ரூட்டுக்கும் செலவில் வித்தியாசம் டீ காசுகூட வராது. உச்சவரம்பில் வித்தியாசம் 4,500 ரூபாய்!

2020-ல் கொரோனாவுக்குப் பிறகு விமானங்களைத் திறந்தபோது இதே அமைச்சகம் தூரத்தை வைத்துப் பிரிக்கவில்லை, பயண நேரத்தை வைத்துப் பிரித்தது. 40 நிமிடத்துக்குள் என்றால் 2,000 முதல் 6,000, 40 முதல் 60 நிமிடம் என்றால் 2,500 முதல் 7,500 என்று போனது. அந்தக் கணக்கில் ஏ.டி.ஆர் மாதிரி மெதுவான விமானம் போகும் ஊருக்கு ஒரு பிரச்னை உண்டு. ஜெட் 55 நிமிடத்தில் போவதை இது ஒன்றேகால் மணி நேரத்தில் போகும், அதனால் மேல் படியில் போய் நிற்கும். மெதுவாகப் போவதற்கு அதிக விலை! அந்த வகையில் தூரக் கணக்கே தேவலாம் என்பது என் கட்சி. குறைந்தபட்சம் நூலின் நீளத்தை எந்த கம்பெனியும் மாற்ற முடியாது.

ஆனால் உச்சவரம்பு விலையைத்தான் பிடித்து வைக்கும். விமானத்தைக் கொண்டு வராது. இரண்டு மூன்று கம்பெனி பறக்கும் ஊரில் ஒருவர் ரத்து செய்தால் இன்னொருவரிடம் அதிக விலைக்காவது டிக்கெட் இருக்கும். ஒரே கம்பெனியை நம்பி இருக்கும் ஊரில் அந்த ஒரு கம்பெனி தடுமாறினால், விலை எவ்வளவு என்று எழுதியிருந்தால் என்ன, சீட்டே இல்லையே? அப்போது பாண்டிக்காரருக்கு மிச்சம் பஸ் ஸ்டாண்டும் டாக்ஸியும்தான்.

பாரிஸுக்கு வழி எது?

கடைசியாக ஒரு பாண்டி ஸ்பெஷல் கணக்கு. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள், சொல்தா தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள், இன்றும் பாரிஸுக்கும் பாண்டிக்கும் நடுவே பறந்துகொண்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் பலருக்கு அத்தை வீடு விழுப்புரத்தில், சித்தப்பா வீடு பாரிஸில்!

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 8,080 கி.மீ. சரி, பெங்களூரு வழியாகப் போனால்? 266-ஐயும் பெங்களூரு - பாரிஸ் 7,825-ஐயும் கூட்டினால் 8,091. கூடுதல் 11 கி.மீ! உருண்டை மேல் நூலைப் பிடித்தால் பாரிஸ் போகும் வழிக்கு மிகப் பக்கத்திலேயே பெங்களூரு இருக்கிறது. சென்னைக்குப் போய் ஏறினால், சென்னை வரை நேர்கோட்டில் எடுத்துக்கொண்டாலும் 8,140 வருகிறது. சென்னை நமக்கு வடகிழக்கில், பாரிஸ் வடமேற்கில். அதாவது மீனம்பாக்கம் போவது கொஞ்சம் எதிர்ப்பக்கம் போவதுதான்.

வரைபடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் ராத்திரி பதினோரு மணிக்குப் பெட்டிகளோடு டாக்ஸி சென்னைக்குத்தான் கிளம்புகிறது. ஏன் என்று என் உறவுக்கார அக்கா ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, உள்நாட்டு ஃப்ளைட்ல 15 கிலோதான். நான் எடுத்துட்டுப் போற மிளகாத்தூள், அப்பளம், வடகமே 15 கிலோ இருக்கும். மீதி துணிமணியை யாரு தூக்குறது?" என்றார். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் லேட் ஆனால் அடுத்ததைத் தவறவிட்ட செலவு நம் தலையில். 2017-ல் ஜெட் ஏர்வேஸ் சென்னையிலிருந்து பாரிஸுக்கு நேரடி விமானம் விட்டபோது அக்கா மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம். 2019 ஏப்ரலில் அந்த கம்பெனியே தரையிறங்கிவிட்டது.

வெளிநாட்டைக்கூட விடுங்கள். ஒரே யூனியன் பிரதேசமான புதுச்சேரியின் துண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியிலிருந்து மாஹே நேர்கோட்டில் சுமார் 465 கி.மீ, ஏனாம் சுமார் 590. ஏனாமில் இருக்கும் ஒருவர் தலைநகரில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்றால், பெங்களூரு போகும் நூலைவிட இரண்டு மடங்கு நீள நூலைப் பிடித்து வர வேண்டும். மாஹேக்காரருக்கு 2018 டிசம்பரில் பக்கத்திலேயே கண்ணூர் விமான நிலையம் திறந்தது. ஏனாம்காரருக்கு ராஜமுந்திரி பக்கம். அங்கிருந்து ஹைதராபாத் வந்து, மாறி லாஸ்பேட்டையில் இறங்கலாம், அன்றைக்கு இரண்டு விமானமும் நேரத்துக்கு வந்தால்.

நண்பன் போன வாரம் மறுபடி மெசேஜ் போட்டிருந்தான். கம்பெனியில் அவனை ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்கு மாற்றப்போகிறார்களாம். "இப்போ ஃப்ளைட் ஒர்த்தா மச்சி? கணக்குப் போட்டுச் சொல்லு" என்கிறான். தேவனஹள்ளியிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஞாயிறு மாலை எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்களேன்.